டிஎல்எல் தேடிய இரவு

நேற்றிரவு கல்லடி வீட்டில் மகளின் படம் கீறும் மென்பொருளைத் திறந்தால், "விசிரன்டைம்140.டிஎல்எல் கிடைக்கவில்லை" என்று ஒரு பெட்டி. டிஎல்எல் என்றால் மென்பொருள் ஓடத் தேவையான ஒரு துணைக் கோப்பு. ஓகே அழுத்தினால் போகும், திரும்பத் திறந்தால் திரும்ப வரும். பகலில் இரண்டு தரம் கரண்ட் போனதால் ஹார்ட் டிஸ்க்தான் செத்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா தன் பங்குக்கு, "வைரஸாக்கும் மனே" என்றார்.

கமாண்ட் புராம்ப்டில் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற சோதனைக் கட்டளையை ஓடவிட்டேன். தேத்தண்ணி ஆறியதுதான் மிச்சம். நூறு வீதம் முடிந்து, பழுதில்லை என்றது. அது விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டும்தான் பார்க்கும். இந்த டிஎல்எல்லோ மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தனிப் பொதியோடு வருவது.

மச்சானுக்குக் கோல் எடுத்தேன். "அந்த டிஎல்எல்லை மட்டும் எங்கேயாவது இறக்கி விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போடு" என்றான். கண்ட கண்ட தளத்தில் இறக்கினால் அம்மா சொன்ன வைரஸ் உண்மையாகவே வந்துவிடும்! மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே அந்தப் பொதியின் எக்ஸ்64, அதாவது 64 பிட் வகையை இறக்கிப் போட்டேன். அதே பெட்டி.

அப்புறம்தான் உறைத்தது, மென்பொருள் பழைய 32 பிட். அதற்கு 32 பிட்டுக்கான எக்ஸ்86 பொதி வேண்டும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில், 64 பிட் கோப்புகள் சிஸ்டம்32இல். யார் வைத்த பெயரோ!

எக்ஸ்86ஐயும் போட்டு ரீஸ்டார்ட் பண்ணினேன். திறந்தது. மகள் மேசையிலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.