கச்சேரியை லைவ் விட: படம் அப்புறம், முதலில் சத்தம்

பக்கத்துச் சபாவில் நடக்கும் கச்சேரிகளை யூடியூபில் லைவாக விடுவது நான்தான். சம்பளம் எதுவும் இல்லை, ஆசைக்குச் செய்வது. படியேறி ஹாலுக்கு வர முடியாத பெரியவர்கள் பலர் வீட்டில் உட்கார்ந்து கேட்கிறார்கள். அவர்களுக்குப் படம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. சத்தம் கெட்டால் கச்சேரியே கெட்டது.

நான் பயன்படுத்துவது ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற லைவ் சாஃப்ட்வேர். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2012இல் ஹியூ பெய்லி என்பவர் வீடியோ கேமை லைவ் விடுவதற்காக எழுத ஆரம்பித்தது. விளையாடிக்கொண்டே பேசுகிறவருக்கு ஃபேன் இரைச்சல் போனால் நல்லது, அதற்கு அதில் 'நாய்ஸ் சப்ரஷன்' என்று ஒரு ஃபில்டர் உண்டு. கச்சேரிக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். ஓயாமல் ஒரே சீராக ஒலிக்கும் தம்பூராவும் அதன் கணக்கில் இரைச்சல்தான். சுருதியை அரித்துவிடும், பாடகர் ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிறுத்தும் கார்வையின் கடைசி இழையையும் தின்றுவிடும்.

சத்தத்தை மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து எடுக்க வேண்டும். ஆனால் ஹால் ஸ்பீக்கருக்குப் போகும் மெயின் அவுட்டிலிருந்து அல்ல. சின்ன ஹாலில் மிருதங்கம் மைக் இல்லாமலே கணீரென்று கேட்கும் என்பதால் ஸ்பீக்கரில் அதைக் குறைத்துத்தான் வைப்பார்கள். அந்த மிக்ஸை அப்படியே லைவுக்கு விட்டால், வீட்டில் கேட்பவருக்கு மிருதங்கம் அடுத்த அறையில் வாசிப்பது போல இருக்கும். அதனால் நான் முன்கூட்டியே போய், "அண்ணே, லைவுக்கு ஒரு ஆக்ஸ் தனியா கொடுங்க, மிருதங்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைங்க" என்று கேட்டுவிடுவேன். ஆக்ஸ் என்பது மிக்சரில் தனியாக அளவு வைத்து எடுக்கும் இன்னொரு அவுட். அது ப்ரீ-ஃபேடராக, அதாவது ஹால் அளவை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்பே எடுப்பதாக இருந்தால், அவர் ஹாலுக்காக ஏற்றி இறக்குவது லைவைப் பாதிக்காது. ஆக்ஸிலிருந்து யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (சத்தத்தை லேப்டாப்புக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி), அங்கிருந்து லேப்டாப். கூடவே ரசிகர்கள் பக்கம் திருப்பி ஒரு மைக். முன் வரிசையிலிருந்து வரும் "பலே" இல்லாவிட்டால் கச்சேரி ஸ்டுடியோ ரெக்கார்டிங் மாதிரி ஆகிவிடும்.

சவுண்ட் செக்கில் பாடகர் மெதுவாகத்தான் பாடிப் பார்ப்பார். தார ஸ்தாயி என்ற உச்சக் குரலும், தாள வாத்தியம் மட்டும் முழங்கும் தனி ஆவர்த்தனமும் பின்னால் வரும் என்பதை நினைத்து அளவை வையுங்கள். ஓபிஎஸ்ஸில் தெரியும் சத்த மீட்டர் எவ்வளவு போனாலும் மஞ்சளோடு நிற்கட்டும்; மைனஸ் 9 டெசிபலுக்கு மேல் சிவப்பு.

அடுத்தது படமும் சத்தமும் சேர்வது. கேமரா படம் கேப்ச்சர் கார்டு (படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் கருவி) வழியாக வருவதால் கொஞ்சம் பிந்தும், சத்தம் முந்திவிடும். மிருதங்க வித்வானின் விரல் இறங்குவதற்குள் அடி கேட்டுவிடும். கேமரா முன் ஒருவரைக் கை தட்டச் சொல்லி ரெக்கார்டு செய்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்ப்பேன். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 33 மில்லிசெகண்ட். மூன்று ஃபிரேம் பிந்தினால் ஆடியோவின் 'சிங்க் ஆஃப்செட்'டில் 100 மில்லிசெகண்ட் போட்டுச் சத்தத்தையும் பிந்த வைத்தால் சரி.

படத்துக்கு அளவு 720பி, பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் டேட்டா) 2500 கேபிபிஎஸ், கீஃபிரேம் (முழுப் படத்தை அனுப்பும் இடைவெளி) 2 நொடி. மேடையில் யாரும் ஓடியாடப்போவதில்லை, இது தாராளம். அப்லோடு வேகம் அந்த பிட்ரேட்டைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். ஹால் வைஃபையில் எல்லாருடைய போனும் தொற்றிக்கொண்டிருக்கும், அதனால் கேபிள்தான் போட வேண்டும். மோடத்துக்கும் யுபிஎஸ் வேண்டும்.

லைவ் போகும்போதே லேப்டாப்பிலும் ரெக்கார்டு செய்யுங்கள், எம்கேவி வடிவத்தில். நடுவில் கரண்ட் போனால் எம்பி4 ஃபைல் திறக்காமலே போகலாம். எம்கேவியில் அதுவரை பதிவானது பிழைக்கும்.

புது சேனல் என்றால் இன்னொன்று: யூடியூப் முதல்முறை லைவ் வசதியைத் திறந்துவிட 24 மணி நேரம் வரை ஆகலாம். கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பே அதை முடித்துவிடுங்கள்.