பொம்மை வீடு கட்டத் தொடங்குவோருக்கு

பொம்மை வீட்டு கிட் (பாகங்களாக வரும், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டிய தொகுப்பு) வாங்க நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவு விகிதத்தைத்தான். 1:12 என்றால் நிஜ வீட்டின் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். 1924-இல் முடிக்கப்பட்டு, இன்று இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் இருக்கும் பிரிட்டிஷ் அரசி மேரியின் பொம்மை வீடும் இந்த அளவில் அமைந்ததே. அலமாரியில் இடம் குறைவென்றால் 1:24 போதும், ஆனால் நாற்காலிக் கால்களை ஒட்ட இடுக்கி இல்லாமல் முடியாது. பசையைத் திறப்பதற்கு முன், லேசரால் வெட்டப்பட்ட பலகைகளை எண் பார்த்துப் பிரித்து, காகித டேப்பால் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்து, பலகைகள் ஒன்றோடொன்று பொருந்தும் பள்ளங்களில் இறுக்கமானவற்றை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிட வேண்டும். ஃபெவிகால் மெதுவாகக் காய்வதைக் குறையாக நினைக்காதீர்கள். கோணலான சுவரை நிமிர்த்த அதுவே அவகாசம் தருகிறது. விளக்குக் கம்பிகளைப் பதித்த பிறகே சுவர்த்தாள். கூரையை (எல்லோருக்கும் அதில்தான் அவசரம்!) முன்பே ஒட்டிவிட்டால் மாடி அறைக்குள் கை நுழையாது.