முத்தோரை சரிவும் சீகை மரமும்

ஊட்டின்னா போட் ஹவுஸ், ரோஸ் கார்டன், தொட்டபெட்டா, வர்க்கி, அவ்ளோதான்னு ரெண்டு நாள்ல திரும்பிடுறவங்கள குத்தம் சொல்ல முடியாது. ஹேர்பின் வளைவுல ட்ராஃபிக்ல நின்னு, இ-பாஸ் காட்டி, மேல வந்து சேர்றதுக்குள்ளயே பாதி லீவு போயிடுது. ஆனா எங்க பக்கம், அதாவது எமரால்டு போற வழியில முத்தோரை பாலாடா பக்கம் வந்தீங்கன்னா கேரட் தோட்டத்துக்கு மேல மலைச்சரிவுல நீளமா ஒரு இரும்புக் கூண்டு வரிசை படுத்திருக்கும். புதுசா பாக்குறவங்க அது என்ன, கரண்ட் சம்பந்தப்பட்டதான்னு கேப்பாங்க. இல்லைங்க, அது டெலஸ்கோப். 1970ல இருந்து அங்கயே இருக்கு.

530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வரிசையா 24 இரும்புச் சட்டம், அதுக்கு மேல கடைசி வரைக்கும் இழுத்துக் கட்டின ஆயிரத்துக்கும் மேல மெல்லிசான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. காலையில வெயில் சாஞ்சு அடிக்கும்போது கம்பி ஒவ்வொண்ணும் தனித்தனியா மின்னும், மத்த நேரம் கண்ணுக்கே தெரியாது, நடுவுல காத்து பாட்டுக்கு போய்ட்டு வரும். இதுல எப்படி வானத்த பாக்குறதுன்னு கேட்டா, இது பிடிக்கிறது வெளிச்சத்த இல்ல, கிட்டத்தட்ட 92 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலைய. அவ்ளோ நீளமான அலைக்கு இந்த சின்னச் சின்ன இடைவெளி ஓட்டையாவே தெரியாது, மொத்தமும் முழுக் கண்ணாடிதான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் கம்பி இல்ல, சரிவு. பூமி சுத்துற அச்சு இருக்குல்ல, அது ஊட்டியில நின்னு பாத்தா வடக்க தரையில இருந்து கிட்டத்தட்ட 11 டிகிரி மேல தூக்கியிருக்கும், ஏன்னா நாம இருக்கறது 11 டிகிரி அட்சரேகையில (துருவ நட்சத்திரம் இங்க அவ்ளோ தாழ்வா தெரியறதும் அதனாலதான்). கோவிந்த் ஸ்வரூப்னு டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானி, அவரும் அவர் டீமும் என்ன பண்ணாங்கன்னா, தெற்கு வடக்கா அதே 11 டிகிரி சாய்வுல இயற்கையா இருக்கற மலைய தேடினாங்க. முத்தோரையில கிடைச்சது. அந்தச் சரிவுல டெலஸ்கோப்ப படுக்க வெச்சதும் அதோட நீளம் பூமியோட அச்சுக்கு இணையா ஆயிடுச்சு. அப்புறம் ஒரே ஒரு அச்சுல மெதுவா திருப்பினா போதும், கிழக்க எழும்பற ஒரு பொருள மேற்க சாயற வரைக்கும், ஒம்பது மணி நேரத்துக்கும் மேல, விடாம பாத்துட்டே இருக்கலாம். சமதரையில இத கட்டியிருந்தா எவ்ளோ மோட்டார், எவ்ளோ காசு! அந்தக் காலத்துல நம்ம கிட்ட காசும் இல்ல, ஃபாரின் பொருள் வாங்க டாலரும் இல்ல, ஆனா சரிவு இருந்துச்சு. மலைய ஒரு டிகிரி கூட மாத்தல, மலை எப்படி இருந்துச்சோ அதுக்கு ஏத்த மாதிரி யோசிச்சாங்க.

அத வெச்சு சும்மா இருக்கல. நிலா ஒரு ரேடியோ கேலக்ஸிய மறைக்கிற நேரத்துல சிக்னல் எப்படி குறையுதுன்னு பாத்து அதோட சைஸ கணக்குப் போட்டாங்க, அப்படி நூத்துக்கணக்குல சேத்து வெச்சதுல, பிரபஞ்சம் எப்பவும் ஒரே மாதிரிதான் இருந்துச்சுங்கற கட்சிக்கு எதிரா, பெருவெடிப்பு கட்சிக்கு ஆதரவா ஒரு சாட்சி இந்தச் சரிவுல இருந்து போச்சு. கேரட்டுக்கு மருந்தடிச்சுட்டு இருக்கற அண்ணனுக்கு இது தெரியுமோ தெரியாதோ, அவர் தலைக்கு மேலதான் இதெல்லாம் நடந்தது.

அங்கயே காஸ்மிக் கதிர் ஆய்வகம் ஒண்ணும் இருக்கு, கிரேப்ஸ்-3ன்னு பேரு. தடிமனான கான்கிரீட்டுக்கு அடியில 6 மீட்டர் நீளத்துல சதுர இரும்புக் குழாய் ஆயிரக்கணக்குல அடுக்கி வெச்சிருக்காங்க. கோலார் தங்கச் சுரங்கத்துக்குள்ள முன்னாடி நடந்த ஆராய்ச்சிக்கு செஞ்ச குழாய் அதெல்லாம், வீணாக்காம இங்க கொண்டு வந்துட்டாங்க. விண்வெளியில இருந்து வர்ற துகள் காத்துல மோதி உண்டாகிற ம்யூயான இந்தக் குழாய் எண்ணும். 2014 டிசம்பர் 1ஆம் தேதி ஒரு இடிமேகம் ஊட்டி மேல கடந்து போனப்ப அந்த எண்ணிக்கை 2 சதவீதம் மாதிரி குறைஞ்சது. அத வெச்சுப் பின்னோக்கி கணக்குப் போட்டா மேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட் இருந்திருக்கு. நம்ம வீட்டு பிளக்ல 230. மேகத்துக்குள்ள நூறு கோடி வோல்ட் வரலாம்னு 1929லயே வில்சன்னு ஒரு விஞ்ஞானி சொல்லிட்டுப் போயிட்டார், பலூன் விட்டு அளந்தவங்களுக்கு அதுல பத்துல ஒரு பங்குதான் சிக்குச்சு, கடைசியில கான்கிரீட்டுக்கு அடியில கெடந்த பழைய குழாய் 2019ல அத உலகத்துக்கு சொல்லுச்சு. அன்னைக்கு எங்க ஊர்ல யாருக்கும் அது விசேஷமான இடியா தெரிஞ்சிருக்காது, வழக்கம்போல கரண்ட் போயிருக்கும், அவ்ளோதான்.

இதெல்லாம் பெருமையா சொல்லிட்டு நிறுத்திடலாம். ஆனா டெலஸ்கோப்ல இருந்து கொஞ்சம் அந்தாண்ட பாத்தா அதே மலையில சீகை மரமும் (இங்கிலீஷ்ல வாட்டில், சீயக்காய் இல்ல) கற்பூர மரமும் (எங்க ஊர்ல யூகலிப்டஸுக்கு அதான் பேரு) இருட்டா நிக்குது, அதுவும் விஞ்ஞானத்தோட பேர்லதான் வந்தது.

நீலகிரி மேல்மலை முழுக்க மரக்காடா இருந்துச்சுன்னு நெனக்கிறவங்க நெறைய. இல்ல. மேடெல்லாம் புல்வெளி, ஓடை ஓடுற மடிப்புல மட்டும் குட்டை மரம் நெருக்கமா நிக்கிற சோலை. வெள்ளைக்காரன் வந்து பாத்தான், மரம் இல்லாத எடமா, அப்ப வேஸ்ட் லேண்ட்னு எழுதிட்டான். 1840கள்ல ஆஸ்திரேலியாவுல இருந்து கற்பூர மரம் வந்துச்சு, சீகையும் வந்துச்சு, விறகுக்குன்னு ஆரம்பிச்சது. சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ஆளுங்களும் விடல, தோல் பதனிட சீகைப் பட்டை, ரேயான் ஆலைக்கு கூழ்மரம்னு ப்ளான் போட்டு புல்வெளிய இன்னும் வேகமா மூடினாங்க. தோடர் மந்துகள, அதாவது அவங்க குடியிருப்புகள சுத்தி எருமை மேஞ்ச எடமெல்லாம் அப்படித்தான் சுருங்கிச்சு. அவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க இது வேஸ்ட்டா இல்லையான்னு.

புல்வெளி ஏன் புல்வெளியாவே இருக்குன்னு ஜனவரி மாசம் காந்தல், தலைகுந்தா பக்கம் விடியக்காலம் போனா புரியும். உறைபனி விழுந்து புல்லு நுனியெல்லாம் வெள்ளையா வெறச்சு நிக்கும், காலடி வெச்சா நொறுங்கும். சோலை மரத்தோட குட்டிக் கன்னு திறந்த எடத்துல மொளைச்சா அந்தக் குளிர்ல கருகிப் போயிடும், தாய் மரத்து நிழல்லதான் பொழைக்கும். புல்லு மேல கருகினாலும் வேர்ல இருந்து திரும்ப வந்துடும். ஆஸ்திரேலியா மரத்துக்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்ல, அதான் இப்படிப் பரவிடுச்சு.

மனுஷன் காட்ட வெட்டினதாலதான் புல்லு வந்துச்சுன்னு ரொம்ப நாள் ஒரு வாதம் ஓடிட்டு இருந்துச்சு. அதுக்கு பதில் எங்க சதுப்புக்குள்ளயே கெடந்தது. பள்ளத்துல தண்ணி தேங்கி நிக்கிற எடத்துல செத்த புல்லும் இலையும் மக்காம கருப்பு மண்ணா அடுக்கடுக்கா சேரும், அத தோண்டி எடுத்து ஒவ்வொரு அடுக்கும் எத்தனை வருஷத்துக்கு முந்தினது, அதுல இருக்கற கார்பன் மரத்தோடதா வெப்பநாட்டுப் புல்லோடதான்னு பிரிச்சுப் பாத்தாங்க. புல்லுல கார்பன்-13 கொஞ்சம் கூடுதலா இருக்கும், அதான் சூட்சுமம். பெங்களூர் விஞ்ஞானி ராமன் சுகுமாரோட குழு 1993ல வெளியிட்டது. 20 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே, பனியுகத்துல மழை கம்மியா இருந்த காலத்துல, இங்க புல்லுதான் ராஜா. அப்புறம் மழை கூடினப்ப மரம் கூடுச்சு, திரும்ப குறைஞ்சது. கோடாலியோட யாரும் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி நடந்த கதை இது. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி இத தெரிஞ்சுக்க வழியில்லன்னு சொல்லலாம், சரி, ஆனா தெரியாத எடத்துல கைய வெக்காம இருந்திருக்கலாமே. முத்தோரையில சரிவ தேடி அலைஞ்ச பொறுமையில கால்வாசி போதும்.

இங்க இருந்து போற தண்ணிதான் குந்தா, பவானின்னு எறங்கி ஈரோட்டு மஞ்சள் வயல் வரைக்கும் போகுது. அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அப்படி ஒரு மழை வர்ற மலையில மேல என்ன நிக்குதுங்கறது கீழ இருக்கறவங்களுக்கும் சேத்துதான்.

இப்ப அரசாங்கமே 2022ல அந்நிய செடிகள அகற்ற தனிக் கொள்கை கொண்டு வந்துடுச்சு, கோர்ட்டும் சொல்லிடுச்சு. எங்க ஊர்ல கற்பூர இலையில தைலம் காய்ச்சுற அண்ணன் ஒருத்தர் இருக்கார். ஷெட்டுக்குள்ள போனா கண்ணு எரியும், ஒரு பக்கம் பொறுக்கிட்டு வந்த இலை குவியல், இன்னொரு பக்கம் காய்ச்சி முடிச்ச இலை காய்ஞ்சு கெடக்கும், அதையே அடுப்புல தள்ளி அடுத்த ஈடு காய்ச்சுவார். அவர் கிட்ட, "அண்ணே, மரத்தெல்லாம் எடுத்துட்டா உங்க பொழப்பு?"ன்னு கேட்டேன்.

"நான் காய்ச்சறது கீழ விழற எலை, தம்பி. கற்பூரம் இருக்கற எடத்துல இருக்கட்டும். சீகைய வெட்டட்டும், நல்லதுதான். ஆனா வெட்டினா மட்டும் ஆச்சா? அடுத்த மழைக்குப் போய்ப் பாரு, கீரைப் பாத்தி மாதிரி மொளைச்சு நிக்கும்."

நெசம்தான். சீகை விதை மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் சாகாம கெடக்கும், மரத்த எடுத்ததும் வெயில் பட்டு எல்லாம் ஒண்ணா கெளம்பும். அதனால வெட்டுறது ஒரு நாள் வேலை, அப்புறம் வருஷா வருஷம் போய் குட்டியா இருக்கறப்பவே வேரோட பிடுங்கணும், இத யாரும் ஃபோட்டோ எடுத்துப் போடமாட்டாங்க.

ஜூன் மாசம் வந்தா போதும், "நாங்க காலேஜ்ல இருந்து வர்றோம், உங்க ஊர்ல மரம் நடலாமா"ன்னு மெசேஜ் வருது. வாங்க, ஆனா கன்னு எடுத்துட்டு வராதீங்க. கையுறையும் ரெயின்கோட்டும் எடுத்துட்டு வாங்க, ஃபாரஸ்ட்ல முன்கூட்டியே அனுமதி வாங்கிட்டு வாங்க, பிடுங்குற வேலை இருக்கு. மத்தியானத்துக்கு மேல மழை பிடிச்சுக்கும், அதனால காலையில ஏழு மணிக்கெல்லாம் பாலாடா வந்துடணும், டீக்கடை தொறந்திருக்கும்.