அக்கா கல்யாணக் குறிப்புகள்

மே 24, அம்மாபேட்டை, சேலம்

காலையில் முகூர்த்தக்கால் ஊன்றினோம். பால் மரக் கிளை, மாவிலை, மஞ்சள் துணியில் முடிந்த நவதானியம். ஈசானிய மூலையில்தான் நடணும். அந்த மூலையில் என் பைக் நின்றது. பைக் தெருவுக்குப் போனது. கால் ஊன்றியபின் வீட்டார் வெளியூர் போகக் கூடாது என்று அம்மாயி எனக்கு 144 போட்டுவிட்டார்.

மே 26

செவ்வாய்ப்பேட்டையில் மெட்டி வாங்கியாச்சு. மாப்பிள்ளைக்குச் சேலம் வெண்பட்டு வேட்டி. வெயில்.

மே 29

மண்டபத்தில் ஐயர் பொரிப் பையைப் பிரித்ததும் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, காரப்பொரி போடப் போறமா?" அவர் கேட்டது நெல்பொரி, நான் வாங்கியது அரிசிப்பொரி. விடியற்காலையில் முதல் அக்ரஹாரத்துக்கு ஓடி, ஒரு பூஜைக் கடைக்காரரைத் தட்டி எழுப்பி வாங்கி வந்தேன். இத்தனைக்கும் இந்தக் கல்யாணத்தில் எனக்கென்று இருந்த ஒரே வேலை அந்தப் பொரிதான். பெண்ணின் சகோதரன் பொரியை அள்ளி அவள் கையில் போடணும், அவள் அதைத் தீயில் இடணும். என் கணவர் நீண்ட நாள் வாழட்டும், என் உறவினர் செழிக்கட்டும் என்பது அந்த மந்திரத்தின் பொருள். "உறவினர்னா நாங்களா, அவங்களா?" என்று ஐயரிடம் மெதுவாகக் கேட்டேன். "ரெண்டு பேரும்தான். அடுத்த கை போடு, நேரமாச்சு." இரண்டாவது கை போடும்போது எனக்குக் கண் கரித்தது. புகைதான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

கெட்டிமேளம் அடங்கியதும் பாதிக் கூட்டம் பந்திக்குப் போய்விட்டது. சப்தபதி அதற்கப்புறம்தான். உணவுக்கு, வலிமைக்கு, விரதத்துக்கு, இன்பத்துக்கு, கால்நடைக்கு, பருவங்களுக்கு, வேள்விக்கு என்று ஏழு அடி. அத்தோடு, 'ஏழடி நடந்தவளே, எனக்குத் தோழியாகு' என்று மாப்பிள்ளை சொல்லணும். எனக்குப் பிடித்த வரி இதுதான். மைக்கில் ஒரே மூச்சில் ஓடிவிட்டது. 1955-ம் வருடத்து இந்து திருமணச் சட்டத்தின் 7-வது பிரிவுப்படி, சப்தபதி உள்ள கல்யாணம் ஏழாவது அடியில்தான் முழுமையாகிறது. சட்டப்படி அக்காவுக்குக் கல்யாணம் ஆன நேரத்தில் எங்கள் சொந்தம் இட்லியும் வடையுமாக இருந்தது. (சித்தப்பாவுடையது சுயமரியாதைத் திருமணம், மாலை மாற்றியதோடு சரி. 1967-ல் அண்ணா ஆட்சியில் வந்த திருத்தத்தால் அதுவும் செல்லும்.)

மண்டபத்து அம்மியில் பெயின்டில் எண் போட்டிருந்தார்கள், யாரும் தூக்கிப் போய்விடாமல் இருக்க. இந்தக் கல்லைப்போல் உறுதியாக நில் என்று சொல்லித்தான் காலை வைக்கச் சொல்கிறார்கள். இடது மெட்டி ஏறவில்லை. அத்தை தேங்காய் எண்ணெய் தடவ, மாப்பிள்ளை (இனி எனக்கு மாமா) அக்கா காலைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அருந்ததி. மணி ஏழே முக்கால், வெளியே சுள்ளென்று வெயில். பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர் டேங்க் பக்கமாக ஐயர் கையைக் காட்டினார். "தெரியறதா?" ஃபோட்டோவுக்காகக் கண்ணாடியைக் கழற்றியிருந்த அக்கா, "தெரியுது" என்றாள்.

ஜூன் 2, ஏற்காடு

சேர்வராயன் கோயிலுக்கு வேனில் வந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவும் அம்மாயி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தார். குகைக்குள் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டுவிட்டு, சொந்தக்காரர் காப்பித் தோட்டத்து வீட்டில் தங்கல்.

மழை விட்டதும் கரண்ட் போனது. எட்டரை மணிக்கு வடக்கே, உச்சிக்கும் அடிவானத்துக்கும் நடுவில், கவிழ்த்த அகப்பையாகச் சப்தரிஷி மண்டலம். காம்பில் நடு நட்சத்திரம் வசிஷ்டர், அவரை ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. ஏறக்குறைய 80 ஒளியாண்டு தூரம். அம்மாயி கைக்குழந்தையாக இருந்தபோது கிளம்பிய வெளிச்சம் என்றேன். "எனக்குக் கண்புரைடா, நீங்களே பாருங்க" என்று கம்பளிக்குள் போய்விட்டார்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இத்துனூண்டா இருக்கு!"

"அன்னைக்கே தெரியுதுன்னு சொன்னியே?" என்றார் மாமா.

"அன்னைக்கு எனக்குத் தண்ணி டேங்கே தெரியலை."