கொப்பியில இல்லாத தாய்மார்: ஒரு இன்டேர்ன்ஷிப் நாட்குறிப்பு

2025 யூன் 2, திங்கள்

இண்டைக்குத்தான் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸில இன்டேர்ன்ஷிப் தொடங்கினது. எந்தப் பிரிவு எண்டு சொல்லமாட்டன், யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்குள்ள ஒண்டு எண்டு மட்டும் வைச்சுக்கொள்ளுங்கோ. மாஸ்டர்ஸுக்காக எனக்குத் தந்த வேலை, கடைசி ரெண்டு வருசத்து தாய் சேய் நலத் தரவுகளை எடுத்து அதை எவ்வளவுக்கு நம்பலாம் எண்டு பாக்கிறது. அனுமதிக் கடிதத்தில தெளிவா எழுதியிருக்கு, பேர் விலாசம் ஒண்டும் எடுக்கக்கூடாது, பதிவு இலக்கம் மட்டும்தான். அது நல்லது.

டொக்டர் பத்து நிமிசத்தில முழுப் பாதையும் சொல்லிப்போட்டார். மிட்வைஃப்மார் மாசம் மாசம் கணக்குக் குடுப்பினம், அது ஒபிஸில சேர்ந்து காலாண்டுக்கு ஒருக்கா எச் 509 படிவமாகும், அது கம்பியூட்டரில ஏறி கொழும்பில இருக்கிற குடும்ப சுகாதாரப் பணியகத்துக்குப் போகும். சொல்லேக்க சுகமாத்தான் இருந்தது. பேந்து என்னை ஒரு அலுமாரிக்கு முன்னால இருத்திப்போட்டு மீட்டிங்குக்குப் போட்டார். அலுமாரி நிறைய மிட்வைஃப்மாரின்ர கொப்பி.

யூன் 5, வியாழன்

எக்ஸலைத் திறக்கவே இல்லை, கொப்பி வாசிச்சே பொழுது போகுது. பெரிய ரெஜிஸ்டர், மட்டைக்கு பிறவுண் பேப்பர் போட்டு அதுக்கு மேல பொலித்தீன், மூலையெல்லாம் செலோரேப். பேனையால எழுதினது படிவத்துக்குப் போறது. பென்சிலால எழுதினதுதான் உண்மையான கதை. "புருசன் கட்டார்", "மாமி சுகமில்லை, கிளினிக் வரமாட்டா, பின்னேரம் போகோணும்", "வீடு பூட்டு, பக்கத்து வீட்டில கேட்டது, மானிப்பாய்". இந்தப் பென்சில் எழுத்துக்கு படிவத்தில ஒரு பெட்டியும் இல்லை.

மிட்வைஃப் அக்கா ஒராள் (பேர் வேண்டாம், பெரியக்கா எண்டே எழுதுறன்) நான் வாசிக்கிறதைப் பாத்திட்டு, "பிள்ளை, உதை வாசிச்சு என்ன செய்யப்போறாய், உது என்ர ஞாபகத்துக்கு எழுதினது" எண்டா. உதுக்குத்தான் அக்கா வந்தனான் எண்டன். சிரிச்சுப்போட்டு தேத்தண்ணி தந்தா.

யூன் 11, புதன்

பிள்ளையளின்ர நிறை பாக்கிற இடத்துக்கு பெரியக்காவோட போனன். வாசிகசாலை விறாந்தை, வளையில கயிறு கட்டி அதில சால்டர் தராசு. பிள்ளையை காற்சட்டை மாதிரி ஒரு துணிக்குள்ள விட்டுத் தூக்கிறது. ஒரு சின்னன் காலை உதறி உதறி அழ முள்ளு எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில ஆடிக்கொண்டே நிக்குது. தராசில நூறு கிராமுக்கு ஒரு கோடு இருக்கு, ஆனா அந்த ஆட்டத்தில ஆர் அந்தக் கோட்டை வாசிக்கிறது? பெரியக்கா தாயிட்டக் குடுத்து அழுகையை நிப்பாட்டி, திருப்பித் தொங்கவிட்டு, முள்ளு நிக்குமட்டும் பொறுத்து 8.7 எண்டு எழுதினா. பின்னால வரிசையில ஒரு பத்துப் பதினைஞ்சு தாய்மார். எல்லாருக்கும் இப்பிடிப் பொறுக்க அவவுக்கும் நேரமில்லை, வெயிலும் விடாது.

பின்னேரம் ஒபிஸில வந்து நிறைகளைப் போட்டுப் பாத்தா, நினைச்ச மாதிரித்தான், .0 உம் .5 உம் குவிஞ்சு கிடக்கு. உலகத்தில எங்க பாத்தாலும் இப்பிடித்தான், முழுசிலயோ அரையிலயோ நிறுத்திறது மனுசப் புத்தி. ஆனா வளர்ச்சிக் கோட்டில அந்த இருநூறு கிராமில ஒரு பிள்ளை நிறை குறைவெண்டு காட்டிற செம்மஞ்சளுக்குள்ள விழும் இல்லாட்டி விழாது, விழுந்தாத்தான் அரசாங்கம் தாற திரிபோஷா சத்துமா லிஸ்டில பேர் வரும். எனக்கு கிராஃப், அந்தத் தாய்க்கு மாசம் ரெண்டு பைக்கற் மா.

யூன் 17, செவ்வாய்

இண்டைக்குத்தான் விசயம் பிடிபட்டது, கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன்.

பிள்ளை பிறந்த பிறகு மிட்வைஃப் வீட்டுக்குப் போய்ப் பாக்கோணும். முதல் பத்து நாளுக்குள்ள ரெண்டு தரம், 14க்கும் 21க்கும் இடையில ஒருக்கா, 42ஆம் நாளை ஒட்டி இன்னொருக்கா. முதல் பத்து நாள் ஏன் எண்டா, தாய்க்கு இரத்தப்போக்கு, காய்ச்சல், தையல் புண், பிள்ளைக்கு மஞ்சள், பால் பிடிக்காதது எல்லாம் வாறது அந்த நாளிலதான். இந்தப் பிரிவில அந்த ஒரு வரிசை மட்டும் குறைவா இருக்கு. மற்றதெல்லாம், எட்டுக் கிழமைக்கு முந்தின கர்ப்பப் பதிவு, தடுப்பூசி, எல்லாம் நல்லம். இதை மட்டும் பாக்கிற ஆரும் என்ன சொல்லுவினம்? மிட்வைஃப்மார் வீட்டுக்குப் போறேல்லை எண்டு. ஒரு கூட்டத்தில அப்பிடியே சொல்லியும் இருக்கினமாம், பெரியக்காவுக்கு அந்தக் கோவம் இன்னும் போகேல்லை.

எனக்கு அது ஒத்துவரேல்லை. எட்டுக் கிழமைக்குள்ள கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கிற ஆக்களுக்கு பிள்ளை பிறந்த வீடு தெரியாதா? பேந்து பென்சில் எழுத்துகளை ஒண்டொண்டாப் பாத்தன். "தாய் வீடு கோப்பாய்." "தாய் வீடு கரவெட்டி." "அம்மாவோட, சாவகச்சேரி."

எங்கட ஊர் வழக்கம் எங்களுக்குத் தெரியாததே. பிள்ளைப்பெறு எண்டா அம்மா வீடுதான். சரக்கு அரைக்க, தண்ணி வாக்க, இரவில பிள்ளையைத் தூக்க அம்மா வேணும். ஆஸ்பத்திரியால துண்டு வெட்டின உடன கார் பிடிச்சு நேர அங்கதான் போறது, முப்பத்தொராம் நாள் கழிஞ்சு, சிலபேர் அதுக்கும் பிறகு, புருசன் வீட்டுக்கு வருவினம். அந்தப் பத்து நாளும் தாய் வேற எம்ஓஎச் பிரிவில. அங்கத்தை மிட்வைஃபுக்கு இவ வந்தது தெரிஞ்சாப் போய்ப் பாப்பா, தெரியாட்டி இல்லை. பாத்தாலும் அந்தத் தகவல் இஞ்ச திரும்பி வாறது பெரும்பாலும் ஆராவது போன் எடுத்தாத்தான்.

உதாரணத்துக்கு ஒரு மாசத்தில 20 பிறப்பு எண்டு வையுங்கோ, அதில எட்டுப்பேர் அம்மா வீட்டில. மிச்சப் பன்னிரண்டு பேரையும் மிட்வைஃப் ஒருத்தரையும் விடாமப் பாத்தாலும் கணக்கில 60 வீதம்தான் வரும். மேல இருக்கிற எண்ணில, பாத்த ஆக்களின்ர கணக்கில, பிழையில்லை, கீழ எத்தினை பேரால பிரிக்கிறம் எண்டதிலதான் கோளாறு.

யூன் 25, புதன்

சும்மா நினைச்சுக்கொண்டிருந்து பிரயோசனமில்லை எண்டு ரெண்டாம் மாசத்து ஊசி போடுற கிளினிக்கில போய் இருந்தன். பிள்ளைக்கு பென்டா எண்ட அந்த ஊசி போட வாற தாய்மாரிட்டக் கேட்டு, விருப்பமான ஆக்களின்ர அட்டையை மட்டும் பாத்தன். தாயின்ர கையில இருக்கிற எச் 512 எண்ட கர்ப்பகால அட்டையில ஆர் எப்ப வீட்டுக்கு வந்தது எண்டு இருக்கும்.

ஒரு தாய், என்னிலும் இளமை, அட்டையை சாறிக்கடைப் பையிலயிருந்து எடுத்துத் தந்தா. ஐஞ்சாம் நாள் ஒரு கையெழுத்து, ஒன்பதாம் நாள் ஒண்டு, ரெண்டும் வேற பிரிவு மிட்வைஃபின்ர. இஞ்சத்தை ரெஜிஸ்டரில அதே தாய்க்கு அந்த ரெண்டு இடமும் வெறும். அப்ப இந்தத் தாய் பாக்கப்பட்டவ, கணக்கில பாக்கப்படாதவ.

ஆனா எல்லாம் இப்பிடி இல்லை, அதையும் எழுதோணும். இன்னொரு தாய்க்கு அட்டையிலயும் ஒண்டுமில்லை. "ஒருத்தரும் வரேல்லை அக்கா, நாங்கள் சொல்லவும் இல்லை, அம்மா இருந்தவாதானே" எண்டு சாதாரணமாச் சொன்னா. மார்பில கட்டி வந்து காய்ச்சலோட பிரைவேட்டுக்குப் போனதாம். சரியாச் செய்த மிட்வைஃபைப் பிழையாக் காட்டிற அதே வெறுங்கட்டம்தான் இந்தத் தாயையும் மறைச்சு வைச்சிருக்கு. எனக்கு இதுதான் கூடக் கவலை.

யூன் 28, சனி

லீவு. அம்மாட்ட இதையெல்லாம் சொன்னன். "அண்ணான்ர கிளினிக் கார்ட் 95 யுத்த இடப்பெயர்விலயே துலைஞ்சுது, பேந்து பள்ளிக்கூடத்தில சேர்க்க எவ்வளவு கரைச்சல்" எண்டு அவ தன்ர கதைக்குப் போட்டா.

இரவு பழைய ரிப்போர்ட்டுகள் பாத்தன். 2006/07 குடித்தொகை சுகாதார சர்வேயில வடமாகாணமே இல்லை. அதுக்கு முந்தின 2000 சர்வேயிலயும் வடக்கு கிழக்கு இல்லை. 2016இல வந்ததிலதான் 25 மாவட்டமும் இருக்கு. அந்த இடைவெளியில எங்கட தாய்மாரைப் பற்றி எழுத்தில இருந்தது பெரும்பாலும் இந்தப் பொலித்தீன் போட்ட கொப்பிகள்தான், அதுவும் எத்தினை எரிஞ்சுதோ. கொப்பியை நக்கலடிக்கிற ஆக்களைக் கண்டா இனி எனக்குக் கோவம் வரும்.

யூலை 3, வியாழன்

தீவுப் பக்கம் ஒரு சுற்று. சோளகக் காத்து பிச்சு வாங்குது, குறிகட்டுவான் இறங்குதுறையில நிண்டு கடலைப் பாத்தாலே தலை சுத்துது. நெடுந்தீவுத் தாய்மார் திகதிக்கு முன்னமே ரவுணுக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில நிப்பினமாம். இந்தக் கடலில நோவோட படகேற ஆர் துணிவினம்? அப்ப அவை பிள்ளை பிறக்க முதலே இடம் மாறினவை. வேற ஒண்டும் பெரிசா இல்லை, பஸ்ஸுக்கு நிண்டு கருகினதுதான் மிச்சம்.

யூலை 9, புதன்

மாசாந்தக் கூட்டத்தில என்னைக் கதைக்கச் சொல்லிச்சினம். ரெண்டு கிராஃப் காட்டினன், ஒண்டு வழமையான கணக்கு, மற்றது அம்மா வீட்டுக்குப் போன ஆக்களைத் தனியப் பிரிச்சது. ரெண்டாவதைப் போட்ட உடன மிட்வைஃப்மாரிட்ட ஒரு சலசலப்பு. பெரியக்கா கையைக் கட்டிக்கொண்டு டொக்டரையே பாத்துக்கொண்டிருந்தா.

டொக்டர் நல்ல கேள்வி ஒண்டு கேட்டார், "அப்ப தாய் போற இடத்தை எப்ப கேக்கிறது?" எட்டாம் மாசக் கிளினிக்கிலயே கேட்டு எழுதலாம் எண்டு நான் சொல்ல முதலே ஒரு மிட்வைஃப் சொன்னா, தாங்கள் ஏற்கனவே வைபர் குரூப்பில மற்றப் பிரிவு ஆக்களுக்கு மெசேச் போடுறதாம், ஆனா அது சொந்த டேற்றா, சொந்த போன், பதிலும் எல்லாரும் போடமாட்டினம். இதை ஒழுங்கா, பேர் இல்லாம, பதிவு இலக்கத்தோட செய்ய ஏலுமோ எண்டு டொக்டர் மேலிடத்துக்கு எழுதிறன் எண்டார். எழுதுவார் எண்டுதான் நினைக்கிறன், ஆள் அப்பிடித்தான்.

முடியிற நேரம் பெரியக்கா எழும்பினா. "பிள்ளை, உன்ர ரேபிளில இன்னொரு வரிசை போடு. எந்த ஏரியாவுக்கு ஆளில்லை, ஆர் ரெண்டு ஏரியா பாக்கிறது எண்டு. ஒரு மிட்வைஃபுக்கு மூவாயிரம் சனம் எண்டு புத்தகத்தில கிடக்கு, நான் பாக்கிறது எவ்வளவு எண்டு டொக்டருக்குத் தெரியும்." ஒருத்தரும் கதைக்கேல்லை, டொக்டர் பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

போட்டிட்டன். இப்ப ரேபிள் ஏ4 தாளில அடங்கேல்லை. நாளைக்கு போயா (பௌர்ணமி) லீவு, வெள்ளிக்கிழமை அக்காவோட அவ பதில் கடமை பாக்கிற மற்ற ஏரியாவுக்குப் போறன், ஸ்கூட்டிக்கு பெற்றோல் அடிக்கோணும்.