விண்ணப்பம் போன பிறகு துறையை மாற்றுவது

அமெரிக்க ரெசிடென்சிக்கு (மேற்படிப்புப் பயிற்சிக்கு) ஈராஸ் என்ற பொதுத் தளம் வழியே போகும் விண்ணப்பங்களை மருத்துவமனைகள் திறந்து பார்க்கத் தொடங்குவது செப்டம்பர் கடைசியில். 2025-ல் அது செப்டம்பர் 24. அதுவரை ஜெனரல் சர்ஜரிதான் என்று தயாராகி வந்தவர், அக்டோபர் பிறந்ததும் இன்டர்னல் மெடிசினுக்குப் போகலாமா என்று தவிப்பது புதிதல்ல. நம்மூரில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு விசா கவலையும் சேர்ந்துகொள்வதால் தவிப்பு இன்னும் கூடும். போகலாம். எது பூட்டியாயிற்று, எது இன்னும் கையில் இருக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பூட்டியது, அனுபவப் பகுதி. பத்து அனுபவங்கள் வரை போடலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 750 எழுத்துகள். மிக முக்கியமானவை என்று மூன்றைக் குறித்தால் அவற்றுக்கு மேலும் 300. சப்மிட் கொடுத்தபின் அந்தப் பருவம் முழுக்க இதைத் தொட முடியாது. எந்தத் துறைக்கு அனுப்பினாலும் இதே பிரதிதான் போகும். அதனால் மனத்தில் சிறு சந்தேகம் இருந்தால்கூட ஆகஸ்டிலேயே இதை இரண்டு கண்ணோட்டத்திலும் படித்துப் பார்ப்பது நல்லது. சர்ஜரி வார்டு வேலையை "ஆபரேஷனில் உதவினேன், தையல் போட்டேன்" என்று மட்டும் எழுதினால் மெடிசின்காரருக்கு அதில் ஒன்றுமில்லை. அறுவைக்குப் பின் காய்ச்சல் வந்தவரின் காரணத்தைத் தேடியது, சர்க்கரை ஏறியவருக்கு இன்சுலினை முறைப்படுத்தியது என்று எழுதினால், அதே வேலை இரு துறைக்கும் பேசும்.

"உங்களிடம் எனக்குத் தனி ஆர்வம் உண்டு" என்று சில ப்ரோகிராம்களுக்கு (மருத்துவமனைகளின் பயிற்சித் திட்டங்களுக்கு) அனுப்பும் சிக்னலும் போனது போனதுதான். சர்ஜரிக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெற்று வேறு துறைக்கு மாற்ற வழியில்லை. ஆர்த்தோபீடிக்ஸ் மாதிரி ஒருவருக்கு 30 சிக்னல் வரை தரும் துறைகளில், சிக்னல் இல்லாத விண்ணப்பத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதே அரிது. தாமதமாக நுழைய அவை ஏற்ற இடமல்ல.

கையில் இருப்பவை பர்சனல் ஸ்டேட்மென்டும் பரிந்துரைக் கடிதங்களும். ஸ்டேட்மென்ட் எத்தனை வேண்டுமானாலும் எழுதி, எந்த ப்ரோகிராமுக்கு எது என்று ஒதுக்கலாம். ஒரு வாரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. இழுத்தடிப்பது கடிதங்கள்தான். ஒரு ப்ரோகிராமுக்கு நான்கு வரை ஒதுக்கலாம். ஏற்கெனவே இருக்கும் கடிதம் "இவர் சிறந்த சர்ஜனாக வருவார்" என்று முடிந்தால், மெடிசின் ப்ரோகிராமில் அது உதவாது, கெடுக்கும். கடிதத்தை நாம் பார்க்கும் உரிமையை வழக்கமாக விட்டுக்கொடுத்திருப்போம் என்பதால், உள்ளே என்ன இருக்கிறது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அவரிடமே நேரில் போய், மாற்றத்தைச் சொல்லி, புதிய கடித எண்ணில் இன்னொரு கடிதம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நைட் டியூட்டியில் பொறுப்பு, கேஸ் ஷீட் எழுதும் ஒழுங்கு, நோயாளியிடம் பேசும் விதம் ஆகியவை எந்தத் துறைக்கும் செல்லும். அதோடு புதிய துறையிலிருந்து குறைந்தது ஒன்று, முடிந்தால் இரண்டு. கேட்கும்போதே சிவியையும் ஸ்டேட்மென்ட் வரைவையும் கொடுத்துவிட்டு, இரண்டு வாரத்தில் ஒருமுறை பணிவாக நினைவூட்ட வேண்டும்.

சில கதவுகள் அக்டோபரில் ஏறக்குறைய மூடியிருக்கும். எமர்ஜென்சி மெடிசினுக்கு அந்தத் துறையிலேயே ரொட்டேஷன் செய்து வாங்கிய ஸ்லோ (SLOE) என்ற தரப்படுத்தப்பட்ட மதிப்பீட்டுக் கடிதம் தேவை. அந்தத் துறையும் மகப்பேறு மருத்துவமும் ஈராஸை விட்டு ரெசிடென்சிகாஸ் தளத்துக்குப் போய்விட்டதால், அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்ப வேண்டும். கண் மருத்துவத்துக்கும் யூராலஜிக்கும், விண்ணப்பதாரரையும் ப்ரோகிராமையும் இணைக்கும் மேட்ச்சே தனி, அதுவும் முன்னதாகவே முடிந்துவிடும். ரேடியாலஜி, நியூராலஜி, அனஸ்தீசியா பக்கம் திரும்புகிறவர்கள் மறப்பது முதல் வருடத்தை. பல இடங்கள் இரண்டாம் வருடத்திலிருந்துதான் தொடங்கும்; முதல் வருடத்துக்கு ப்ரிலிமினரி என்ற ஓராண்டு இடங்களுக்கும் விண்ணப்பித்து, ரேங்க் லிஸ்ட் என்ற விருப்ப வரிசையோடு துணைப் பட்டியலும் கொடுக்க வேண்டும்.

பணம் துறைவாரியாகக் கணக்காகும். 2025 பருவத்தில் ஒரு துறையில் முதல் 30 ப்ரோகிராமுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30. புதிய துறையில் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

ஒரே மருத்துவமனையில் இரண்டு துறைக்கும் போடுகிறவர்களுக்கு நேரும் பெரிய விபத்து, சர்ஜரி ஸ்டேட்மென்டை மெடிசினுக்கு ஒதுக்கிவிடுவது. பிறகு மாற்றினாலும், அவர்கள் அதற்குள் முந்தையதைப் படித்திருக்கக்கூடும். பணம் கட்டுமுன் ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டும். ஸ்டேட்மென்டுக்கு வைக்கும் தலைப்பிலேயே துறைப் பெயரைச் சேர்த்துவிட்டால் தடுமாற்றம் குறையும்.

இன்டர்வியூவில் "ஏன் மாறினீர்கள்?" கட்டாயம் வரும். மறைத்துப் பயனில்லை, சிவி முழுக்க சர்ஜரிதான் இருக்கும். பழைய துறையைக் குறை சொல்லாமல், புதிய வேலையில் எது பிடித்தது என்பதை ஒரு நோயாளியின் உதாரணத்தோடு ஒரு நிமிடத்தில் சொன்னால் போதும். சர்ஜரிக்கு இடம் கிடைக்காது என்ற பயத்தில் மட்டும் மாறினால், அந்த ஒரு நிமிடத்துக்குச் சொல்ல எதுவும் இருக்காது. அப்படிப்பட்டவர் சர்ஜரியிலேயே நிற்பது மேல் என்பது என் கருத்து.

ரேங்க் லிஸ்ட் மார்ச் தொடக்கத்தில் மூடும். ஒரே பட்டியலில் இரண்டு துறைகளையும் கலந்து வைக்கலாம். மேட்ச்சில் 1998 முதல் நடப்பிலுள்ள கணக்கீடு விண்ணப்பதாரர் விருப்பத்திலிருந்து தொடங்குவதால், மெய்யாக விரும்பும் வரிசையே லாபம். மெடிசின்தான் வேண்டுமென்றால், சர்ஜரியில் அதிக இன்டர்வியூ கிடைத்ததற்காக அதை மேலே போடக் கூடாது. இடம் கிடைக்காவிட்டால் மேட்ச் வாரத்தில் மீதி இடங்களுக்கான சோப் (SOAP) உண்டு: 45 விண்ணப்பங்கள், வியாழனன்று நான்கு சுற்று. அதற்கான ஸ்டேட்மென்ட் பிப்ரவரியிலேயே எழுதியாகியிருக்க வேண்டும்.

மேட்ச் ஆனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது இதைவிடக் கடினம். மேட்ச் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். விலக்கு வாங்காமல், பயிற்சி தொடங்கிய 45 நாளுக்குள் விலகினால் விதிமீறல். ஜே-1 என்ற பயிற்சி விசாவில் இருப்பவர் முதல் இரண்டு ஆண்டுக்குள் ஒரே ஒருமுறைதான் துறை மாறலாம். மெடிகேர் என்ற அமெரிக்க அரசுக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைக்குத் தரும் பயிற்சி நிதி எத்தனை ஆண்டு முழுதாக வரும் என்பதையும் முதலில் சேரும் துறையே நிர்ணயிக்கிறது. மூன்று வருடத் துறையில் தொடங்கி ஐந்து வருட சர்ஜரிக்கு மாறினால், மூன்றாண்டுக்குப் பின் அந்த ரெசிடென்டுக்கு வரும் நேரடி நிதி பாதியாகும். அப்படிப்பட்டவரை எடுத்துக்கொள்ளும் மருத்துவமனை அந்தக் கணக்கையும் பார்க்கும்.