மலப் பரிசோதனையில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்த பிறகு

வயிற்றுவலி, பேதி என்று வந்தால் குடல்புழுவைச் சந்தேகிக்க யாரும் மறப்பதில்லை. விடாத வறட்டு இருமலாகவோ, இரும்புச்சத்து மாத்திரைக்கு மசியாத ரத்தசோகையாகவோ, தோலில் ஓடும் தடிப்பாகவோ வந்தால்தான் நாள்கள் வீணாகின்றன.

இருமலோடு ரத்தத்தில் இயோசினோபில் என்னும் வெள்ளையணுக்களும் ஏறியிருந்தால் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் நுரையீரலைக் கடந்துகொண்டிருக்கலாம். அந்த வாரத்தில் மலத்தில் முட்டை இருக்காது. புழு முதிர்ந்து முட்டையிட 2 முதல் 3 மாதங்கள் பிடிக்கும். அதனால் அப்போதைய ‘இல்லை’யை நாங்கள் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. தேதி குறித்துவைத்து மறுபடி சோதிக்கிறோம்.

அதிகம் ஏமாற்றுவது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் குடல்புழு. பிட்டத்திலும் தொடையிலும் தோல் கோடாகத் தடித்து, மணிக்குப் பல சென்டிமீட்டர் நகர்ந்து, சில நாளில் மறைந்துவிடும். பார்க்கிறவர்கள் ஒவ்வாமை என்றே நினைப்பார்கள். இந்தப் புழு உடலுக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டுகள் தங்கும். இளம்புழுக்கள் குறைவாகவும் விட்டுவிட்டும் வெளியேறுவதால் ஒரு தடவை எடுத்த மல மாதிரி போதாது. வெவ்வேறு நாளில் குறைந்தது 3 வேண்டும். அவற்றில் அகார் தட்டு வளர்ப்பும், அதாவது அகார் கூழ் பரப்பிய தட்டில் மலத்தை வைத்துப் பார்க்கும் சோதனையும், செய்யச் சொல்லுங்கள். தட்டில் புழு ஊர்ந்த வழியெல்லாம் பாக்டீரியா வளர்ந்து தடம் காட்டும். வளர்ப்புக்கான மலத்தைக் குளிர்பெட்டியில் வைக்கவோ பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போடவோ கூடாது, புழு செத்துவிடும். அதற்காக ஒரு நாளுக்கு மேல் வெளியே கிடந்தாலும் சிக்கல்தான்: மலத்தில் கொக்கிப்புழு முட்டை இருந்தால் அது பொரிந்து, வரும் இளம்புழு அச்சாக இதேபோல் தெரியும். இளம்புழுவின் வாய்க்குழி நீண்டிருந்தால் கொக்கிப்புழு, குட்டையாக இருந்தால் ஸ்ட்ராங்கிலாய்டிஸ்.

ஸ்டீராய்டு தொடங்கும் முன் இந்தச் சோதனை நடந்தே ஆகவேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஸ்டீராய்டால் எதிர்ப்புச் சக்தி தணிந்ததும் இளம்புழுக்கள் பல்கி, குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு ரத்தத்துக்கும் மூளையுறைக்கும் போகும். உயிரே போகலாம். அந்தக் கட்டத்தில் பல நேரம் இயோசினோபில் அளவு இயல்பாகவே காட்டும் என்பதுதான் கொடுமை.

புழுநீக்க மருந்தான அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு வேளை கொடுத்தாயிற்றே என்று நிம்மதியாக இருக்கவேண்டாம். உருண்டைப்புழுவுக்கு அது சரி; ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்குப் போதாது. இதற்கு ஐவர்மெக்டின் என்னும் மருந்து, உடல் எடை கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், 1 அல்லது 2 நாள், மருத்துவர் மேற்பார்வையில்.

கீரிப்பூச்சி தனி வழி. முட்டையை ஆசனவாயைச் சுற்றி இடுவதால் மலத்தில் பெரும்பாலும் அகப்படாது. விடிந்ததும் கழுவும் முன் ஒளிபுகும் ஒட்டுநாடாவை அங்கே ஒற்றி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டுங்கள். அடுத்தடுத்து 3 காலை.